நழுவும் நரம்பு

1977 அக்டோபர் தொடக்கம். ஃபிரான்ஸின் தெற்கே எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் ஒரு களிமண் தரைப் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் அர்ஜென்டினாவின் கியெர்மோ விலாஸ். அந்த வருஷத்து ஃபிரெஞ்சு ஓப்பன், யுஎஸ் ஓப்பன் இரண்டையும் ஜெயித்தவர். களிமண்ணில் தொடர்ச்சியாக 53 ஆட்டங்கள் தோற்காமல் வந்திருக்கிறார். மறுபக்கம் ருமேனியாவின் இலியே நாஸ்டாசே. 31 வயது, உச்சம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். நாஸ்டாசே முதல் செட்டை 6-1 என்று எடுத்தார், இரண்டாவதை 7-5. ஐந்து செட் ஆட்டம் என்பதால் விலாஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. ஆனால் அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். காயமெல்லாம் இல்லை. எதிராளி கையில் இருக்கும் மட்டையோடு டென்னிஸ் ஆட முடியாது என்பதுதான் காரணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சில நாள் முன்னால் பாரிஸில் இதே மாதிரி மட்டையோடு வந்த ஜார்ஜ் கோவென் என்பவரிடம் நாஸ்டாசே தோற்றிருந்தார். இனி அந்த மட்டைக்கு எதிராக ஆடவே மாட்டேன் என்று கத்தியும் இருந்தார். அடுத்த போட்டிக்கு அவரே அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நாஸ்டாசேவைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்காது.

அந்த மட்டையின் சட்டம் சாதாரணமானதுதான். வித்தியாசம் நரம்பில். ‘ஸ்பகெட்டி’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் அது தடை செய்யப்பட்டது. இருபது வருஷம் கழித்து அது செய்த அதே வேலையைச் செய்யும் இன்னொரு நரம்பு வந்தது. அதை யாரும் தடுக்கவில்லை. இன்று தொலைக்காட்சியில் பார்க்கும் டென்னிஸ் அந்த நரம்பின் டென்னிஸ். ஒன்றுக்குத் தடையும் இன்னொன்றுக்கு வாழ்வும் எப்படிக் கிடைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் சுற்றிப் போக வேண்டியிருக்கும்.

*

சென்னையிலோ கோவையிலோ ஷட்டில் ஆடும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள், நரம்பை ‘கட்’ என்றுதான் சொல்வார்கள். ‘கட் அறுந்துடுச்சு’, ‘கட் போடக் குடுத்திருக்கேன்’. போடுவது என்னவோ நைலான். ஆனால் பெயரில் இன்னும் குடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் கட் என்றால் குடல். தைரியசாலியை ‘கட்ஸ் உள்ள ஆள்’ என்கிறோமே, அதே குடல்.

டென்னிஸ் நரம்பு உண்மையிலேயே குடல்தான். முதலில் ஆட்டுக் குடல், பிறகு மாட்டுக் குடல். பூனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ‘கேட்கட்’ என்ற ஆங்கிலப் பெயர் எல்லோரையும் ஏமாற்றும் பெயர். குடலின் வெளிச்சவ்வை நாடா நாடாவாகக் கீறி, கழுவி, பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, பளபளப்பாகத் தேய்த்து எடுப்பார்கள். ஒரு மட்டைக்கு ஏறக்குறைய மூன்று மாடு என்று கணக்குச் சொல்வார்கள். இதே சரக்குதான் வயலினுக்கும் போனது, ஆஸ்பத்திரியில் தையல் போடவும் போனது. வாசிக்கிற நரம்பும் அடிக்கிற நரம்பும் ஒரே பட்டறையில் பிறந்தவை. ஃபிரான்ஸின் லியோன் நகரில் இசைக்கருவி நரம்பு செய்துகொண்டிருந்த தொழிலில் இருந்த பியர் பபோலா, 1875-ல் டென்னிஸுக்கு நரம்பு செய்து கொடுத்தார். அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் இங்கிலாந்தில் மேஜர் விங்ஃபீல்ட் புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அதாவது ஆட்டத்துக்கும் நரம்புக் கம்பெனிக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. தமிழ்க்காரர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. யாழில் கட்டியதையும் உடம்பில் ஓடுவதையும் நரம்பு என்ற ஒரே சொல்லால் சொல்கிற மொழி நம்முடையது.

1938-ல் டூபாண்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. கொஞ்ச காலத்தில் அது மட்டைக்கும் வந்தது. விலை குறைவு, மழைக்குப் பயமில்லை. குடல் நரம்பு ஈரக்காற்றில் ஊறிப் பிசிறடிக்கும். ஆனாலும் பெரிய ஆட்டக்காரர்கள் குடலை விடவில்லை. குடலின் மீள்திறன் அப்படி: எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கல்லாகிவிடாது, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். அந்த இறுக்கத்தின் எல்லையை ஒரு ஆள் சோதித்துப் பார்த்தார்.

*

பியோர்ன் போர்க் தன் டோனே மரமட்டைகளை 80 பவுண்டு அளவில் கட்டச் சொல்வார். கிலோவில் சொன்னால் 36. அன்றைக்கு மற்றவர்கள் இதைவிட வெகு தளர்வாகக் கட்டினார்கள், அவருடைய பெரிய எதிரி மெக்கன்ரோ உட்பட. அந்த இழுப்பில் மரச்சட்டமே வளைந்துவிடும். ராத்திரி ஓட்டல் அறையில் தூங்கிக்கொண்டிருக்கும்போது பையில் இருக்கும் மட்டை ஒன்றில் நரம்பு ‘டிங்’கென்று தானாக அறுந்து போர்க்கை எழுப்பிவிடும் என்று அந்தக் காலக் கதைகளில் வரும். அவரது பயிற்சியாளர் லென்னார்ட் பெர்கெலின், ஆட்டத்துக்கு முன் மட்டைகளை ஒன்றோடொன்று தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, எது முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்துவார்.

இந்தக் காது விஷயத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

டென்னிஸ்காரர்களிடம் பரம்பரையாக ஒரு சூத்திரம் இருக்கிறது: இறுக்கினால் கட்டுப்பாடு, தளர்த்தினால் வேகம். கேட்டவுடன் தலைகீழாகத் தோன்றும். இறுக்கமான மட்டைதானே விசையாக அடிக்க வேண்டும்? இல்லை. பந்து மட்டையில் பட்டதும் இரண்டு பொருள் நசுங்குகின்றன, பந்தும் நரம்பும். பந்து மோசமான ஸ்பிரிங். 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விட்டால் ஒரு நல்ல டென்னிஸ் பந்து 135-லிருந்து 147 சென்டிமீட்டர்தான் எழும்ப வேண்டும் என்று விதியே இருக்கிறது. வாங்கிய ஆற்றலில் பாதிக்கு அருகே பந்துக்குள்ளேயே தொலைந்துவிடுகிறது. நரம்பு அப்படியில்லை, வாங்கியதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பித் தந்துவிடும். அதனால் நரம்பு தளர்ந்து அது அதிகம் வளைந்தால் பந்து கம்மியாக நசுங்கும், நஷ்டம் குறையும், பந்து வேகமாகத் திரும்பும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அணுத்துகள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹோவர்ட் ப்ரோடி டென்னிஸ் பைத்தியம் பிடித்து, 1979-ல் மட்டையின் இயற்பியல் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து இந்தக் கணக்குகள் ஒழுங்காகப் போடப்பட ஆரம்பித்தன.

சூத்திரம் சரிதான். ஆனால் அளவு? பத்து பவுண்டு தளர்த்தினால் கிடைக்கும் வேகம் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள். நரம்பில் பந்து ஒட்டியிருக்கும் நேரமே ஐந்து மில்லி நொடிக்கு முன்பின். நம் கைக்குச் செய்தி வந்து மூளை ‘ஆஹா, இறுக்கமா இருக்கே’ என்று யோசிப்பதற்குள் பந்து வலையைத் தாண்டிவிட்டிருக்கும். சிட்னியில் ராப் பவர், ராட் க்ராஸ் என்ற இருவர் 2003-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் வெவ்வேறு இறுக்கத்தில் கட்டிய மட்டைகளைக் கொடுத்து அடிக்கச் சொல்லி, எது இறுக்கம், எது தளர்வு என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்களால் 5 கிலோ வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. 5 கிலோ என்றால் 11 பவுண்டு. அரை பவுண்டுக்காக நரம்பு கட்டுபவரிடம் சண்டை போடும் சாதி இது.

நானும் ஒரே மாடல் மட்டைகள் இரண்டை 56-லும் 44-லும் கட்டி வைத்துக்கொண்டு சில வாரம் மாற்றி மாற்றி ஆடினேன். கையைக் கேட்டால் குழப்பமான பதில்தான் வரும். விரல் நகத்தால் நரம்பைச் சுண்டினால் சந்தேகமே வராது. காரணம் எளிய பள்ளிக்கூட சூத்திரம்: நரம்பின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 56-ஐ 44-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.128. சட்ஜமத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் உள்ள விகிதம் 9-க்கு 8, அதாவது 1.125. ஸ்ருதிப் பெட்டி வைத்த வீட்டில் வளர்ந்த குழந்தைகூட இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும். பெர்கெலின் காதை நம்பியது சரியான பொறியியல்.

ஆக, இறுக்கம் என்பது நூறு வருஷமாக ஆட்டக்காரர்கள் திருகித் திருகிப் பார்த்த குமிழ். அதைத் திருகினால் ஆட்டம் கொஞ்சம் மாறும், மனசு நிறைய மாறும். ஆட்டத்தையே புரட்டிப்போட்ட குமிழ் வேறொன்று. நரம்பு எவ்வளவு இறுக்கம் என்பதில்லை. பக்கவாட்டில் நழுவுமா என்பது.

*

மட்டை ஒரு நெசவு. நெடுக்கு நரம்பு பாவு, குறுக்கு நரம்பு ஊடை. ஊடை பாவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாறி மாறி நுழைந்து போகும். துணி எப்படி இழை விலகாமல் நிற்கிறதோ அப்படித்தான் மட்டையும். பழைய நரம்புகளில் ஆட ஆட இழைகள் விலகும். இரண்டு அடிக்கு நடுவில் ஆட்டக்காரர்கள் விரலால் அதை நேராக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், யோசிக்கிற பாவனையில்.

ஜெர்மனியின் பவேரியாவில் தோட்டக்கலைத் தொழில் செய்த வெர்னர் ஃபிஷர் எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த நெசவையே கலைத்துப் போட்டார். அவர் மட்டையில் ஊடை ஐந்தோ ஆறோதான், நடுவில். அதன் இருபுறமும் இரண்டு அடுக்காகப் பாவு. எதுவும் எதனுள்ளும் நுழையாது. பாவு நரம்புகளுக்குச் சிறு பிளாஸ்டிக் குழாய்களைப் போட்டு ஒன்றாக அசையும்படி பிணைத்திருந்தார். அந்தக் குழாய்கள்தான் ஸ்பகெட்டி. எல்லாமே தளர்வாகக் கட்டியது. கீழிருந்து மேலாக வீசி அடித்தால் பாவு மொத்தமும் பந்தோடு சேர்ந்து ஒரு பக்கம் நழுவும், பந்து கிளம்பும் முன் படாரென்று பழைய இடத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பந்தின் முதுகை இழுத்துவிடும். பந்து பம்பரம் மாதிரி சுழன்று போய், வலைக்கு மேலே உயரமாகப் போனாலும் கோட்டுக்குள் சரேலென இறங்கி, தரையில் பட்டதும் எகிறும். சத்தமும் மந்தம், வழக்கமான ‘டொக்’ இல்லை. ஓசையை வைத்துப் பந்தின் வேகத்தைக் கணிக்கிற எதிராளி செவிடாகிவிடுவார்.

ஆஸ்திரேலியாவின் பாரி ஃபிலிப்ஸ்-மூர் 1977-ல் ஐரோப்பாவில் அதை வைத்து ஆடினார். அதைப் பார்த்த அமெரிக்கர் மைக்கேல் ஃபிஷ்பாக், தரவரிசையில் 200-ஐ ஒட்டி இருந்தவர், வீட்டில் தானே பிளாஸ்டிக் குழாயும் ஒட்டு நாடாவும் வைத்து ஒன்றைச் செய்துகொண்டு யுஎஸ் ஓப்பனுக்கு வந்தார். இரண்டாம் சுற்றில் ஸ்டான் ஸ்மித்தை 6-0, 6-2 என்று முடித்தார். ஸ்மித் முன்னாள் விம்பிள்டன் சாம்பியன். மூன்றாம் சுற்றில் ஃபிஷ்பாக் தோற்றார் என்பதையும் சொல்ல வேண்டும்; மந்திரக்கோலாக இருந்தாலும் பிடித்த கை யாருடையது என்பது முக்கியம்தான். ஒரே மாதத்துக்குள் கோவென், நாஸ்டாசே, விலாஸ் விவகாரம்.

சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் விதிப்புத்தகத்தைப் புரட்டினால் அங்கே ஒன்றும் இல்லை. பந்துக்கு எடை உண்டு, அளவு உண்டு, எழும்பும் உயரம் உண்டு. வலைக்கு உயரம் உண்டு. மட்டை என்றால் என்ன என்பதற்கு வரையறையே கிடையாது. நூறு வருஷமாக யாருக்கும் அது தேவைப்படவில்லை. சாஃப்ட்வேரில் இதை அடிக்கடி பார்ப்போம்: எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று ஆவணத்தில் எழுதாமல் விட்ட இடத்தில்தான் ஒருநாள் எவனாவது லாரியை ஓட்டிக்கொண்டு உள்ளே வருவான்.

முதலில் அவசரத் தடை, 1977 அக்டோபரிலேயே. அடுத்த ஆண்டு முறையான விதி. மட்டையின் அடிக்கும் பரப்பு தட்டையாக இருக்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமான நரம்புகள் சட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். வெட்டிக்கொள்ளும் இடங்களில் மாறி மாறிப் பின்னப்பட்டோ பிணைக்கப்பட்டோ இருக்க வேண்டும். அமைப்பு பொதுவாக ஒரே சீராக, நடுவில் அடர்த்தி குறையாமல் இருக்க வேண்டும். நல்ல விதி. தெளிவான விதி. ஆனால் அது தடுத்தது ஃபிஷரின் கட்டுமானத்தை. அந்தக் கட்டுமானம் செய்த வேலையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நரம்பு நழுவித் திரும்பக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. எழுதியிருக்கவும் முடியாது. எந்த நரம்பும் கொஞ்சமாவது நழுவும், அதை அளக்கும் கேமராவோ கருவியோ அன்றைக்கு எந்தப் போட்டி நடுவரிடமும் இல்லை.

*

பாலியஸ்டர் நரம்பு டென்னிஸுக்கு வந்தது சுழற்சிக்காக அல்ல. விலாசி அடிக்கிற பையன்கள் வாரத்துக்கு மூன்று தடவை நரம்பை அறுத்துவிட்டு நிற்பார்கள். அப்பா பர்ஸைத் திறக்க வேண்டும். அவர்களுக்கான மலிவான, அறுந்து தொலையாத சரக்கு அது. கையில் விறைப்பாக, உயிரில்லாமல் இருக்கும். நல்ல ஆட்டக்காரர்கள் தொடமாட்டார்கள்.

பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் அருகே லக்ஸிலான் என்ற நிறுவனம் செயற்கை இழை தயாரித்துக்கொண்டிருந்தது. பெண்களின் உள்ளாடைப் பட்டைக்கு, அறுவை சிகிச்சைத் தையலுக்கு என்று பல உபயோகங்களுக்கு. தொண்ணூறுகளில் டென்னிஸ் நரம்பும் செய்தது. 1997-ல் பிரேசிலின் குஸ்தாவோ குயெர்ட்டன், எல்லோருக்கும் குகா, அந்த நரம்போடு ஃபிரெஞ்சு ஓப்பனுக்கு வந்தார். உலகத் தரவரிசையில் 66. அதற்கு முன் ஒற்றையரில் ஒரு ஏடிபி பட்டம்கூட ஜெயித்ததில்லை. முன்னாள் சாம்பியன்கள் முஸ்டர், காஃபெல்னிகோவ், புருகேரா மூவரையும் வெவ்வேறு சுற்றுகளில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார். எல்லோரும் அவருடைய ஒற்றைக்கை பேக்ஹேண்டையும் சுருட்டை முடியையும் மஞ்சள்-நீலச் சட்டையையும் பற்றி எழுதினார்கள். கூட ஆடுகிறவர்கள் மட்டும் அவர் பையை எட்டிப் பார்த்தார்கள்.

பரவியது வாய்வழியாகத்தான். 2002-ல் புதுப் பயிற்சியாளர் டேரன் கேஹில் சொல்லி ஆந்த்ரே அகாஸி அதை மாட்டிப் பார்த்தார். அந்த முறை ரோம் பட்டம், அவருக்கு அங்கே முதல் தடவை. ஃபெடரர் பாவுக்குக் குடலும் ஊடைக்கு லக்ஸிலானும் என்று கலந்து கட்டினார். பீட் சாம்ப்ராஸ் கடைசிவரை மாறவில்லை. சின்னத் தலை கொண்ட தன் மட்டையில் மெல்லிய குடல் நரம்பை 75 பவுண்டு வாக்கில் இழுத்துக் கட்டி, அதோடே 2002-ல் தன் கடைசி ஆட்டத்தை ஆடினார். லக்ஸிலானுக்கு ஆட்டக்காரர்கள் நடுவே ‘சீட்டலான்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. ஏமாற்று லான். சிரித்துக்கொண்டே சொன்னதுதான், ஆனால் சும்மா வரவில்லை அந்தப் பெயர்.

ஏன் சுழல்கிறது என்ற கேள்விக்கு அப்போது கிடைத்த பதில்: கரடுமுரடான விறைத்த நரம்பு பந்தைக் கவ்விப் பிடிக்கிறது. கம்பெனிகள் ஐந்து முனை, ஏழு முனை என்று கோணம் வைத்த நரம்புகளைச் செய்து விற்றன. கேட்க நியாயமாக இருக்கும். உண்மை நேர் எதிர். ஜப்பானில் கவாஸோயே என்ற பொறியாளர் அதிவேகக் கேமராவில் நரம்பைப் படமெடுத்தார். வெட்டிக்கொள்ளும் இடங்களில் மசகு போட்டால் நரம்பு நழுவி, திரும்பி, சுழற்சி கூடுவது தெரிந்தது. ஆடித் தேய்ந்து பள்ளம் விழுந்த நைலானில் நரம்பு அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது, சுழற்சி குறைகிறது. க்ராஃபோர்ட் லிண்ட்ஸே, ராட் க்ராஸ் போன்றவர்களின் அளவீடுகளும் அதையே சொல்லின. பாலியஸ்டருக்கும் பாலியஸ்டருக்கும் நடுவே உராய்வு கம்மி. இழை விறைப்பு. பின்னப்பட்டிருந்தாலும் பாவு ஊடைமேல் வழுக்கிப் போகும், போன வேகத்தில் திரும்பும். திரும்பும்போது பந்தின் முதுகை இழுக்கும்.

இந்த வாக்கியத்தை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்.

ஃபிஷர் ஊடையைப் பிடுங்கி, குழாய் மாட்டி, இரண்டு அடுக்கு போட்டுச் செய்ததை, விதிக்குள் ஒழுங்காகப் பின்னிய நெசவிலேயே ஒரு வேதிப்பொருள் செய்துவிட்டது. 2013-ல் வில்சன் நிறுவனம் ஊடையைப் பாவைவிடக் குறைத்து, 16-க்கு 15 என்று ஒரு மட்டை விட்டது, நரம்பு இன்னும் தாராளமாக நழுவட்டும் என்று. விளம்பரத்திலேயே அதைச் சொன்னார்கள். விதியில் இடம் இருந்தது.

அப்படியானால் 1977-ல் செய்தது அநியாயமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்பகெட்டி ஒரே வாரத்தில் ஒரு இருநூறாம் நபரைச் சாம்பியனைத் துரத்துகிறவராக மாற்றியது. மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்டது, அசிங்கமாகவும் இருந்தது. பாலியஸ்டர் பத்து வருஷம் எடுத்துக்கொண்டது. பார்வைக்கு நரம்பு மாதிரியே இருந்தது. எல்லோருக்கும் கடையில் கிடைத்தது. ஒரு சமூகம் எதைத் தடுக்கிறது என்பதில் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு வெளிப்படையாகச் செய்கிறது என்பதுதான் கணக்கில் வருகிறது போல.

*

போனது என்ன என்று கேட்டால், முதலில் சர்வ்-அண்ட்-வாலி. சர்வீஸ் போட்டுவிட்டு வலையை நோக்கி ஓடுகிற ஆட்டம். ஓடி வருகிறவனின் காலடியில் சுழன்று இறங்குகிற பந்தையும், பக்கவாட்டில் வளைந்து உள்ளே விழுகிற பந்தையும் இந்த நரம்பு சாதாரணமாக்கிவிட்டது. பழியை முழுக்க நரம்புமேல் போடக் கூடாது. 1976-ல் ஹோவர்ட் ஹெட் காப்புரிமை வாங்கிய பெரிய தலை மட்டை இல்லையென்றால், மேல்நோக்கி அத்தனை செங்குத்தாக வீச யாருக்கும் தைரியம் வந்திருக்காது. மரமட்டையின் குறுகிய முகத்தில் பந்து சட்டத்தில் பட்டுத் தெறிக்கும். விம்பிள்டன் 2001-ல் புல்லின் ரகத்தை மாற்றியது, தரை கெட்டியானது. எல்லாம் சேர்ந்துதான் 2002 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஹுவிட், நல்பாந்தியன் இருவரும் அடிக்கோட்டிலேயே நின்றார்கள். ஐந்தாறு வருஷம் முன்பு அந்தப் புல்லில் நினைத்துப் பார்க்க முடியாத காட்சி.

வந்தது என்ன என்று கேட்டால், நடால். ஜான் யாண்டெல் என்ற ஆய்வாளர் அதிவேகக் கேமரா வைத்து எண்ணியபோது, சாம்ப்ராஸ், அகாஸி தலைமுறையின் ஃபோர்ஹேண்டில் பந்து நிமிடத்துக்கு 1,800, 1,900 சுற்று என்ற அளவில் சுழன்றது. நடாலுடையது சராசரியாக 3,200. அவரது தோளும் மணிக்கட்டும் இல்லாமல் அது வராது, வாஸ்தவம். ஆனால் அந்த வீச்சைக் குடல் நரம்பு தாங்காது, தாங்கினாலும் பந்து கோட்டுக்குள் விழாது. 2006 ஃபிரெஞ்சு ஓப்பன் முதல் சுற்றில் நடால் களிமண்ணில் தொடர்ச்சியாக 54-வது ஆட்டத்தை ஜெயித்தார். அவர் தாண்டியது விலாஸின் 53-ஐ, எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் ஸ்பகெட்டி அறுத்துவிட்ட அந்தத் தொடரை. நடாலின் மட்டையில் இருந்தது பாலியஸ்டர்.

இறுக்கத்தின் கதையும் இதோடு தலைகீழாகிவிட்டது. பாலியஸ்டர் இயல்பிலேயே விறைப்பானது என்பதால் போர்க் மாதிரி 80-ல் கட்டினால் பலகையால் அடிக்கிற மாதிரி இருக்கும். ஆட்டக்காரர்கள் ஐம்பதுகளுக்கு இறங்கினார்கள், சிலர் நாற்பதுக்கு. ஃபிரான்ஸின் அட்ரியன் மனரினோ 25 பவுண்டுக்கும் கீழே கட்டுகிறார். போர்க்கின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை வைத்துக்கொண்டு 35 வயதில் உலகின் முதல் இருபதுக்குள் வந்தார்.

இந்த நரம்பு நம் மாதிரி வார இறுதி ஆட்டக்காரர்களுக்கும் இறங்கி வந்துவிட்டது, நடாலின் பெயரோடு, ஆனால் நடாலின் வீச்சு இல்லாமல். மெதுவாக வீசுகிறவர்களுக்கு நரம்பு நழுவவே நழுவாது, விறைப்பு மட்டும் முழங்கைக்குப் போய்ச் சேரும். ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை காபி டம்ளரைத் தூக்க முடியாமல் முகம் சுளிக்கிறவர்களை எந்த ஐடி அலுவலக கேன்டீனிலும் பார்க்கலாம். அவர்களிடம் நான் முதலில் கேட்பது என்ன கட் போட்டிருக்கீங்க என்பதுதான். பாதி நேரம் பதில் பாலி என்றுதான் வருகிறது. கடைக்காரர் சொன்னாராம், ரொம்ப நாள் உழைக்குமென்று.

உழைக்காது என்பதுதான் உண்மை. குடல் அறுகிறவரைக்கும் உயிரோடிருக்கும். பாலியஸ்டர் சில மணி நேர ஆட்டத்திலேயே இழுவிசையை இழந்து செத்துவிடும், ஆனால் அறுந்து தொலையாது, பார்க்கப் புதுசு மாதிரியே மட்டையில் கிடக்கும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரே ஆட்டத்தில் பல மட்டைகளை மாற்றுவது பாதி இதனால்தான். நாம்தான் அறுக்க வேண்டும். ஒரு நல்ல கத்தரிக்கோல் போதும். நடுவில் ஆரம்பித்து, பாவில் ஒன்று ஊடையில் ஒன்று என்று வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டே போக வேண்டும், சட்டம் ஒரு பக்கமாக இழுபடாமல் இருக்க.